டிரெய்லர் சட்டத்தின் மேல் ஒரு படுக்கை: எறையூருக்கு எது பொருந்தும்?

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் டிரெய்லர்களுக்குக் குறைவில்லை. தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் கீழ் இயங்கும் பெரம்பலூர் சர்க்கரை ஆலை 1970-களின் பிற்பகுதியிலிருந்து இங்கே இருக்கிறது. நாளொன்றுக்கு 3,000 டன் கரும்பு அரைக்கும் திறனுள்ள ஆலை அது. அவ்வளவு கரும்பும் லாரியிலும் டிராக்டர் டிரெய்லரிலும்தான் வந்து சேர வேண்டும். கரும்பு ஏறிவரும் வண்டிக்கு இரும்புச் சட்டம் உண்டு, அச்சு உண்டு, பதிவு எண் உண்டு. அந்தக் கரும்பை வெட்ட வெளியூரிலிருந்து வரும் ஆட்களுக்கு என்ன உண்டு? வெட்டு உத்தரவு வந்த வயலின் ஓரத்திலோ பக்கத்துப் புறம்போக்கிலோ நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் போர்த்திய கொட்டகை. வெட்டு முடிந்ததும் அதைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் மறுபடி நடுவார்கள். பிள்ளைகளும் கூடவே போகும்.

சிறிய சரக்கு டிரெய்லர் ஒன்றின் சட்டத்தின் மேல், இழுத்துக்கொண்டு போகக்கூடிய படுக்கை அறை ஒன்றைக் கட்டினால் இந்த நிலைமை மாறுமா? இதற்கு இரண்டு மாதிரிகள் நம் முன்னால் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்கர்கள் 1930-களில் வீட்டுக் கொல்லையிலேயே கட்டத் தொடங்கிய ‘டியர்டிராப்’ கேம்பர். மற்றொன்று நம் மண்ணில் பிறந்தது: நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு, பெங்களூரின் ‘தி பில்போர்ட்ஸ் கலெக்டிவ்’ குழுவோடு சேர்ந்து 2019-ல் உருவாக்கிய ‘சோலோ .01’. இரண்டின் படங்களையும் பார்த்து வியந்தவர்கள் ஏராளம். வேலைக்கு ஆகுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரு படைப்புக்குச் செய்யும் மரியாதை என்று நான் நம்புகிறேன்.

முதலில் டியர்டிராப். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தோன்றி, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ப்ளைவுட்டும் அலுமினியத் தகடும் தாராளமாகக் கிடைத்தபோது பெருகியது. கைவேலை இதழ்கள் வரைபடம் வெளியிட்டன. பழைய காரின் அச்சைக் கழற்றி அதன்மேல் கட்டியவர்கள் பலர். இன்று அங்கே பலரும் தேர்ந்தெடுப்பது நாலுக்கு எட்டடி சரக்கு டிரெய்லர் சட்டத்தை. இந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு முழு ப்ளைவுட் பலகையின் அளவே நாலுக்கு எட்டு. பலகை சட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். வெட்டும் வேலையும் கழிவும் குறைவு. உள்ளே படுக்கை மட்டும்தான். நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம், படுக்கலாம். அடுப்படி பின்புறக் கதவைத் தூக்கினால் வெளிப்பக்கமாகத் திறக்கும். சமைப்பவர் தரையில் நின்றே சமைப்பார். மொத்த எடை நானூறு ஐந்நூறு கிலோவுக்குள் அடங்கும்.

இந்த வடிவமைப்பின் அசல் அறிவு அதன் வளைந்த முதுகில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது பக்கச் சுவரில் இருப்பதாகப் படுகிறது. எட்டடி நீளம், நாலடி உயரம் உள்ள ஒரு ப்ளைவுட் சுவர் ஆழமான உத்திரமாக வேலை செய்யும். இரண்டங்குல, மூன்றங்குலச் சேனலை விடப் பல மடங்கு வளையாமல் நிற்கும். ஆகவே கீழே உள்ள சட்டத்துக்கு வேலை மிகக் குறைவு. பெட்டியின் பாரத்தை அச்சுக்கும் கொக்கிக்கும் கடத்தினால் போதும். இதைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தை மேலும் மேலும் கனமாக வெல்டிங் செய்துகொண்டு போவது நம் பட்டறைகளின் பழக்கம். கரும்பு டிரெய்லர் பல டன் சுமக்கப் பிறந்தது, அதற்கு அந்தக் கனம் வேண்டும். அதே சட்டத்தின் மேல் அரை டன் படுக்கைப் பெட்டியை வைத்தால் ஸ்பிரிங் பட்டை அசையவே அசையாது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகப் பெட்டியின் மூட்டுகளில் இறங்கும். ஆணி தளரும், ப்ளைவுட் விளிம்பில் தண்ணீர் இறங்கும், இரண்டு மழைக்காலத்தில் பலகை உப்பிவிடும். எனவே எறையூரில் கண்ணுக்கு முன்னால் நிற்கும் டிரெய்லர் இதற்கு ஆகாது. பவர் டில்லரோ சிறிய டிராக்டரோ இழுக்கும் ஒற்றை அச்சு டிரெய்லர்தான் ஏற்றது; அதிலும் பட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றி, பாரத்துக்குத் தக்கபடி இளக்க வேண்டும்.

அடுத்தது பாரத்தின் சமநிலை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். மூட்டை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து ஒரு மூட்டையை முன்னே தள்ளுவார்கள். ஒற்றை அச்சு டிரெய்லருக்கும் இதே விதிதான். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டுநர்களின் நடைமுறை. அதைவிடக் குறைந்து, எடை மையம் அச்சுக்குப் பின்னால் போனால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்; ஆட்டம் தானாக அடங்காமல் பெருகி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும். டியர்டிராப்பின் அடுப்படி பின்னால் இருப்பதால் தண்ணீர்க் குடமும் அடுப்பும் பாத்திரமும் அச்சுக்குப் பின்னால் தொங்குகின்றன. பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் முன்னால் கொக்கிப் பக்கம் வைப்பதும், அச்சைப் பெட்டியின் நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளுவதும் அதை ஈடுகட்டத்தான். இதைக் கவனிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்துக் கட்டும் பெட்டி அழகாக இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும்.

வளைந்த முதுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காருக்குப் பின்னால் அந்த வளைவு எரிபொருளை மிச்சப்படுத்தும். 25 கிலோமீட்டரில் போகும் டிராக்டருக்குப் பின்னால் காற்றின் எதிர்ப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான்; வளைவுக்கு அங்கே வேலையே இல்லை. ‘கார் இருக்கிறதே’ என்பார்கள். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் கையேடு இழுவைத் திறன் என்று ஓர் எண்ணையே தருவதில்லை. சில கையேடுகள் டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. எறையூரில் இழுக்கும் தகுதியோடு ஏற்கெனவே நிற்பது டிராக்டர். ஆகவே வளைவை விட்டுவிடலாம். நம் கூண்டு வண்டியின் வளைவு மூங்கில் பாய் வளையும் இயல்பிலிருந்து வந்தது, மழை வழிந்தோடவும் உதவியது. தகட்டுக் கூரைக்குச் சற்றே சரிவு கொடுத்தால் அந்த வேலையும் முடிந்தது.

இனி வெப்பம். டியர்டிராப் மாதிரி இங்கே தோற்கும் இடம் இது. நாலுக்கு எட்டடியில் நாலடி உயரப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 3,600 லிட்டர் காற்று. உறங்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கரியமில வாயு வெளிவிடுகிறார். கதவு, ஜன்னலை மூடிவிட்டு இருவர் படுத்தால் ஒரே மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவு வெளிக்காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருபது மடங்காகும். உடல்கள் விடும் சூடும் வியர்வை ஈரமும் தனி. குளிர்நாட்டில் இந்தச் சூடுதான் பெட்டியின் சிறப்பு; மூடிய சுவருக்குள் நுரைப்பலகை வைத்து அதைக் காப்பாற்றுவார்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் பெரம்பலூரில் அந்தச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளேயே வைத்திருக்கும். இங்கே வேண்டியது நேர்மாறு. நீளவாக்கில் இரண்டு பக்கமும் படுக்கை மட்டத்திலிருந்து கொசுவலை போட்ட சாய்சட்டங்கள், உச்சியில் சூடான காற்று வெளியேற நீளத் திறப்பு, மூன்று நான்கு அங்குல இடைவெளி விட்டு இரட்டைக் கூரை. மேல் தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் காற்று ஓடும். மெல்லிய தகடு அந்தி சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். வெட்டு ஆட்கள் விடியுமுன் வயலில் இருப்பார்கள். பெட்டி குளிர்ந்திருக்க வேண்டியது இரவில்தான். மார்கழி, தைப் பனிக்குச் சாய்சட்டங்களை மூடிக்கொள்ள முடிந்தால் போதும்.

இப்போது சோலோ .01. பழைய மூன்று சக்கர வண்டியின் மேல் ஆறுக்கு ஆறு, அதாவது 36 சதுர அடியில் ஒரு வீடு. படுக்கை, சமையலிடம், கழிப்பறை, குளியல், வேலை செய்யும் இடம், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரியத் தகடு, கூரைக்கு ஏணி, கூரையில் நிழலோடு உட்காரும் இடம். பழைய வண்டிகளிலிருந்தும் இடித்த கட்டடங்களிலிருந்தும் எடுத்த பொருள்கள். செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய். அப்போது அருண் பிரபுவுக்கு வயது இருபத்திமூன்று. 2021 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இதைப் பாராட்டி, பொலேரோ பிக்கப் வண்டியின் மேல் இதேபோலச் செய்ய முடியுமா என்று கேட்டபின் நாடே பேசியது.

இட அமைப்பு என்ற அளவில் இதற்கு இணையாக நம்மிடம் வேறொன்று இல்லை. ஒரே இடம் பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் மாறும் விதத்தில் உண்மையான திறமை இருக்கிறது. அதைவிட முக்கியமானது அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பது. சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளைப் பார்த்து, நாலைந்து லட்சம் செலவிட்டும் கழிப்பறை இல்லாத வீடுகள் கட்டப்படுவதைக் கண்டு, அதற்குப் பதிலாக வரைந்தது இது. சோலோ விடுமுறைப் பயணத்துக்காகப் பிறக்கவில்லை. இருப்பிடம் இல்லாதவரின் கேள்வியிலிருந்து பிறந்தது. டியர்டிராப்பிடம் அந்தக் கேள்வியே கிடையாது.

ஆனால் வண்டி என்ற அளவில்? மூன்று சக்கர வண்டியைத் தாங்குவது ஒரு முக்கோணம். முன்சக்கரத்தை நோக்கிப் போகப் போக முக்கோணம் குறுகும். பின்சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் என்று வைப்போம். எடை மையம் முன்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருந்தால், அங்கே சாய்வுக்கோடு பக்கவாட்டில் நாற்பது சென்டிமீட்டரில் வந்துவிடும். கூரையில் ஆள் உட்காரும் ஒரு வீட்டின் எடை மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறதென்று கொண்டால், எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமான பக்கவாட்டு விசையில் வண்டி சாயும். ஒற்றை அச்சு டிரெய்லரும் கொக்கியோடு சேர்த்து ஒரு முக்கோணம்தான். ஆனால் அங்கே ஏறக்குறைய முழுப் பாரமும் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், அதே 1.2 மீட்டர் அகலத்தில் ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் வரை கிடைக்கும். பெட்டியும் தாழ்வு, மையம் முக்கால் மீட்டர் உயரம்தான். கணக்குப்படி அது தாங்கும் விசை எடையில் எழுபது சதவீதம், சோலோவைப்போல இரு மடங்கு. இவை என் உத்தேச அளவுகள். அளவுகளைச் சற்று முன்பின்னாக மாற்றினாலும் எது சாயும், எது நிற்கும் என்பது மாறாது.

எடையும் இடிக்கிறது. தொட்டி எங்கே இருந்தாலும் 250 லிட்டர் தண்ணீர் 250 கிலோ. மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள் பொதுவாகச் சுமக்கக்கூடியது அரை டன். பாதி தண்ணீருக்கே போய்விட்டால் வீடும் வீட்டிலிருப்பவரும் மீதியில் அடங்க வேண்டும். 600 வாட்டுக்கான சூரியத் தகடுகள் ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர், அதாவது முப்பத்திரண்டு சதுர அடி கேட்கும். 36 சதுர அடி வீட்டின் கூரையில் அவற்றையும் வைத்து, ஆளும் உட்காருவது எப்படி? இத்தனைக்கும் அந்த மின்சாரம் தேவையே இல்லை. இருபத்தைந்து வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 250 வாட்-மணி. ஒரு விளக்கு, இரண்டு செல்போன் சேர்த்தாலும் நூறு வாட் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் தருவதற்குள் அடங்கிவிடும். சோலோவை நிறுத்திவைத்த வீடாகப் பார்த்தால் இந்தக் குறைகளில் பல மறையும், அருண் பிரபு சொன்ன பயன்களில் சில அப்படிப்பட்டவைதான். கிராமத்து வண்டிப்பாதையில் பருவம் முழுக்க ஊர் ஊராக நகர வேண்டிய வீடாகப் பார்த்தால் மறையாது.

நம் பக்கத்தில் வண்டியோடு வாழ்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரை, மத்தியப் பிரதேசம் வரை போய் மாதக்கணக்கில் வேலை செய்கின்றன. ஆட்கள் வண்டியோரமே சமைத்து, வண்டியிலேயே படுத்து எழுகிறார்கள். நாமக்கல், கரூர்ப் பக்கத்து பாடி கட்டும் பட்டறைகளுக்குத் தகடும் சட்டமும் கைவந்த கலை. அந்தக் கை வேலையை ஆள் படுக்கும் இடத்தின் பக்கம் திருப்பும்படி யாரும் கேட்கவில்லை. வண்டியில் ஏறும் இயந்திரத்துக்கு அளவெடுத்துக் கட்டிய நாம், கூடவே போகும் மனிதனுக்கு அளவெடுக்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சட்டம் தடையா? முழுத் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, டிரெய்லரைத் தனி வாகனமாகவே பார்க்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வாகன வகைகளைப் பிரித்து மத்திய அரசு 2004 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பில், சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து சாராத வாகனங்களின் பட்டியலில் இடம்பெற்றன. பெயராவது ஏட்டில் இருக்கிறது. அதேநேரம், பதிவான ஒரு வண்டியைத் தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக மாற்றியமைக்கக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே உறுதி செய்தது. ஓடும் ஆட்டோவின் மேல் வீடு ஏற்றும் சோலோ வழிக்கு இந்தப் பிரிவு நேர் எதிரில் நிற்கிறது. புதிதாகக் கட்டி, புதிதாகவே பதியும் டிரெய்லருக்கு வழி சற்று அகலம். ஆனால் ‘சொந்தப் பயன்பாடு’ என்ற சொல்லுக்குள் ஆலையோ மேஸ்திரியோ தொழிலாளருக்காக வைத்திருக்கும் டிரெய்லர் அடங்காது. அதற்கு அரசு தனியாக முடிவெடுக்க வேண்டும். எறையூர் ஆலை அரசின் ஆலை என்பதால் கேட்க வேண்டிய இடமும் தெளிவு. ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை.

இப்படி ஒரு டிரெய்லரைக் கொடுப்பது, நிலையான தங்குமிடம் கட்டும் கடமையிலிருந்து ஆலையை விடுவித்துவிடாதா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை ஒரே இடத்தில் நடந்தால் கல் கட்டடமே சரி; எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவில் வெளியூர் ஆட்களைத் தங்கவைக்க வேண்டி வந்தால் அங்கே நான் டிரெய்லரைப் பரிந்துரைக்க மாட்டேன். கரும்பு வெட்டு அப்படி இல்லை. வெட்டு உத்தரவு வயலுக்கு வயல் நகரும். ஆலைக்குப் பக்கத்தில் கட்டிய விடுதி, முப்பது கிலோமீட்டர் தள்ளி வெட்டுகிறவருக்கு உதவாது.

ஆகவே என் தீர்ப்பு இது. டியர்டிராப் என்ற உருவத்தை எறையூரில் கட்ட வேண்டாம். அதன் பொறியியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை அச்சு, இளகிய பட்டை, சுவரே சுமக்கும் பெட்டி, தாழ்ந்த மையம், சரியான முன்பாரம், அடுப்படி வெளியே. மூடிய சுவரை நிராகரிக்க வேண்டும். சோலோ .01 வண்டியாகத் தேறவில்லை. அதன் தேவைப் பட்டியல் தேறிவிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே சட்டத்தின் மேல் ஏற்றியதுதான் பிழை. இரண்டு டிரெய்லராகப் பிரித்தால் பிழை நீங்கும். ஒன்றில் படுக்கை மட்டும், குடும்பத்துக்கு ஒரு பெட்டி. மற்றொன்றில் கழிப்பறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, வெட்டுக் குழு ஒன்றுக்கு ஒன்று. தொட்டி டிரெய்லரின் தளமட்டத்தில் அச்சின் மேல் இருக்க வேண்டும், நகரும்போது காலியாக இருக்க வேண்டும். கழிவை எடுத்துப்போகும் பொறுப்பு ஆலைக்கு.

இரண்டுக்கும் ஒரே பருவத்தில் பணம் இல்லை என்று சொல்லக்கூடும். அப்படியானால் முதலில் கட்ட வேண்டியது இரண்டாவது டிரெய்லரை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பை அகற்றும் அறுவைகள் மலிந்திருந்தது 2019-ல் நாடறிந்த செய்தியானபோது, வயலோர வாழ்க்கையில் தண்ணீரும் மறைவிடமும் இல்லாததும் சேர்ந்தே வெளியே வந்தது. பெரம்பலூர் வயல்களில் பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு கரும்பு கட்டுகிற நிலை இருக்கும்வரை, படுக்கைப் பெட்டி எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் அடுத்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.